சி டிரைவ் 99, டி டிரைவ் 365: அந்த எஸ்எஸ்டி எங்கே?

கேள்வி: மகள் கல்லூரியில் முதலாண்டு சேர்ந்திருக்கிறாள். மூன்று வாரத்துக்கு முன்பு திருச்சியில் ஒரு கடையில் 17,000 ரூபாய்க்குப் பழைய லேப்டாப் ஒன்று வாங்கினோம். ஐ5, எட்டாம் தலைமுறை, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். விண்டோஸ் 10 போட்டிருக்கிறது. ஆன் செய்தால் வேலைக்கு வர ஐந்தாறு நிமிடம் ஆகிறது. சி டிரைவ் மொத்தமே 99 ஜிபி, அதில் மீதி 3 ஜிபிதான். சிவப்புக் கோடு காட்டுகிறது. டி டிரைவ் 365 ஜிபி, பாதி காலி. ஆனால் அதில் யாரோ ஒருவருடைய குடும்பப் போட்டோக்களும் ஆபீஸ் கோப்புகளும் கிடக்கின்றன. 'ரீசெட் திஸ் பிசி' இரண்டு தடவை கொடுத்தேன். இரண்டு தடவையும் பாதியில் நின்று, சிக்கல் என்று சொல்லிப் பழையபடியே வந்துவிட்டது. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் எப்போதும் 100 சதவீதம். சில நேரம் உள்ளே டக் டக் என்று சத்தம் வேறு. தெரிந்த பையன் ஒருவன் செக்டிஸ்க் போடச் சொல்கிறான். எல்லாவற்றையும் அழித்துப் புதுசு போல ஆக்குவது எப்படி? மகளின் அசைன்மென்ட் எல்லாம் டி டிரைவில்தான் இருக்கிறது.
வாசகி, கும்பகோணம்

பதில்:

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் அந்த இரண்டு எண்களைத்தான் கூட்டிப் பார்த்தேன். 99, 365. மொத்தம் 464. விண்டோஸ் கண்ணுக்குக் காட்டாமல் வைத்துக்கொள்ளும் சின்னப் பார்ட்டிஷன்களுக்கு (டிஸ்கைப் பிரித்த துண்டுகளுக்கு) ஒரு ஜிபி சேர்த்தால் 465. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த எண் மனப்பாடம். டிஸ்க் தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணி 500 ஜிபி என்று ஒட்டி விற்பதை விண்டோஸ் 1,024 கணக்கில் எண்ணி 465 என்று காட்டும். அதே கணக்கில் 256 ஜிபி எஸ்எஸ்டி 238 என்று வரும். உங்கள் லேப்டாப்பில் 238 எங்குமே இல்லை. அதாவது, சியும் டியும் ஒரே 500 ஜிபி டிஸ்கின் இரண்டு துண்டுகள். சொன்ன எஸ்எஸ்டி உள்ளே இல்லை.

500 ஜிபி எஸ்எஸ்டியாக இருக்கக் கூடாதா என்று கேட்கலாம். எஸ்எஸ்டிக்குச் சத்தம் போடத் தெரியாது. அதற்குள் நகரும் பாகமே கிடையாது. பழைய ஹார்ட் டிஸ்கில் கண்ணாடித் தட்டு போன்ற ஒன்று நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்ற, அதன்மேல் ஊசி மாதிரி ஒரு தலை ஓடி ஓடிப் படிக்கும். ஓரிடத்தில் படிக்க முடியாவிட்டால் திரும்பி வந்து மறுபடி முயலும், மறுபடி, மறுபடி. நீங்கள் கேட்கும் டக் டக் அநேகமாக அதுதான். டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்பதற்கும் இதுவே காரணமாக இருக்கும். ஓடுகிற மென்பொருள்கள் எல்லாம் அந்த ஒரு இடத்துக்காக வரிசையில் நிற்கின்றன.

என் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்துக்குப் போங்கள். இடது பக்கம் 'டிஸ்க் 0' என்று இருக்கும். அடைப்புக்குள் சி, டி இரண்டு எழுத்தும் ஒன்றாக இருந்தால் ஒரே டிஸ்க் என்று பொருள். அதற்குக் கீழேயே எச்டிடி (ஹார்ட் டிஸ்க்) என்றோ எஸ்எஸ்டி என்றோ எழுதியிருக்கும். அந்தத் திரையை மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடையில் பேச அது வேண்டும்.

சரி, இப்போது ரீசெட். மூன்றாவது தடவை அழுத்தாதீர்கள். ரீசெட் என்றால் ஏதோ வெளியிலிருந்து புது விண்டோஸ் வந்து இறங்குகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். நீங்கள் கொடுத்த விதத்தில் அப்படி இல்லை. இருக்கிற டிஸ்கிலேயே இருக்கிற விண்டோஸ் கோப்புகளைப் படித்து, அதே டிஸ்கில் ஒரு புதுப் பிரதியைக் கட்டி, பிறகு பழையதை எடுக்கிறது. அதற்குக் காலி இடம் வேண்டும். உங்களிடம் 3 ஜிபி. படிக்கிற கோப்புகள் ஒழுங்காக இருக்க வேண்டும். உங்கள் டிஸ்க் படிக்கவே திணறுகிறது. பாதியில் நின்று பழையபடி வந்ததே உங்கள் அதிர்ஷ்டம். 'கிளவுட் டவுன்லோட்' என்று இன்னொரு வழி இருக்கிறது, அது 4 ஜிபிக்கு மேல் இணையத்திலிருந்து இறக்கும். அதையும் இந்த டிஸ்கில்தான் எழுத வேண்டும் என்பதால் உங்களுக்குப் பயன்படாது.

செக்டிஸ்க் போடச் சொன்ன பையன் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறான். ஆனால் டிஸ்கைச் சோதிக்கும் அந்தக் கட்டளையை '/ஆர்' சேர்த்து முழுச் சோதனையாக ஓட்டினால், அது டிஸ்கின் முதல் மூலையிலிருந்து கடைசி மூலை வரை ஒவ்வோர் இடமாகப் படித்துப் பார்க்கும். மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறவரை மலைக்கோட்டைப் படி ஏறச் சொல்வது போல. ஏறி முடிப்பதற்குள் நின்றே போகலாம். மகளின் கோப்புகளை வெளியே எடுக்காமல் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது இது ஒன்றுதான்: ஒரு பென்டிரைவ் போட்டு, மகளின் அசைன்மென்ட் ஃபோல்டரை நகலெடுங்கள். மொத்த டி டிரைவையும் ஒரே இழுப்பில் இழுக்காதீர்கள். முதலில் இந்த செமஸ்டரின் வேர்டு, பிடிஎஃப் கோப்புகள். அவை சின்னவை, சட்டென்று வந்துவிடும். அப்புறம் பிராஜெக்ட். வீடியோ, சினிமா எல்லாம் கடைசி. ஏதாவது ஒரு கோப்பில் பத்து நிமிடம் சிக்கி நின்றால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். அதில் முட்டிக்கொண்டிருந்தால் மற்றதும் போய்விடும்.

நகல் எடுத்த பிறகு, கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்ளும் ஒரு பதிவேடு உண்டு. இந்த மென்பொருள் அதைப் படித்துக் காட்டும். நீல நிறத்தில் 'குட்' என்றால் நல்லது, மஞ்சளில் 'காஷன்' என்றால் கவனம், சிவப்பில் 'பேட்' என்றால் முடிந்தது. நிறத்தோடு நிற்காமல் கீழே உள்ள பட்டியலில் மூன்று வரிகளைத் தேடுங்கள்: 05, சி5, சி6. 05 என்பது கெட்டுப்போன இடங்களுக்குப் பதிலாக டிஸ்க் ஏற்கனவே உதிரி இடம் ஒதுக்கிய எண்ணிக்கை. சி5 என்பது இப்போது படிக்க முடியாமல், என்ன செய்வதென்று காத்திருக்கும் இடங்கள். சி6, கைவிட்டவை. மூன்றிலும் கடைசிக் கட்டத்தில் முழுக்கப் பூஜ்யமாக இருக்க வேண்டும். (அந்தக் கட்டத்தில் எண்ணோடு ஆங்கில எழுத்தும் கலந்து வந்தால் பயப்பட வேண்டாம், அது பதினாறு அடிப்படை எண்முறை.) என்னைக் கேட்டால் சி5 தான் முக்கியம். 05ல் ஏதோ இருந்து மாதக்கணக்காக ஏறாமல் இருந்தால்கூட ஓட்டலாம். சி5ல் எண் இருந்து சத்தமும் வந்தால், அந்த டிஸ்கில் புது விண்டோஸ் போடுவது விரிசல் விட்ட சுவருக்கு வெள்ளையடிக்கிற வேலை. நான்கு நாள் பளிச்சென்று இருக்கும், அவ்வளவுதான். மேலே வலது பக்கம் டிஸ்க் ஓடிய மணி நேரமும் தெரியும். வருடம் முழுக்க நிறுத்தாமல் ஓடினால் 8,760 மணி. அதை வைத்து எத்தனை வருட உழைப்பு என்று நீங்களே கணக்குப் போடலாம்.

ஆக, உங்கள் கேள்வி 'எப்படி அழிப்பது' என்பது. என் பதில், இந்த டிஸ்கை அழித்து மறுபடி பயன்படுத்தாதீர்கள் என்பது. இதைக் கழற்றிவிட்டு, சொன்னபடி ஒரு எஸ்எஸ்டி போட்டு, அதில் சுத்தமாக விண்டோஸ் ஏற்ற வேண்டும். மெஷின் மோசமில்லை. எட்டாம் தலைமுறை ஐ5 விண்டோஸ் 11க்கு அதிகாரபூர்வமாகத் தகுதி உள்ளது. ஏழாம் தலைமுறை என்று சொல்லியிருந்தால் திருப்பிக் கொடுக்கச் சொல்லியிருப்பேன். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அதனால் புதிதாகப் போடும்போது 11ஆகவே போடுங்கள்.

முதலில் கடைக்குப் போங்கள். பழைய லேப்டாப்புக்குப் பெரும்பாலும் ஏழு நாள், பதினைந்து நாள், ஒரு மாதம் என்று டெஸ்டிங் வாரண்டிதான் தருவார்கள், உங்களுக்கு மூன்று வாரம் ஓடிவிட்டது. பில்லில் 256 எஸ்எஸ்டி என்று எழுதியிருந்தால் வாரண்டி முடிந்ததா என்ற பேச்சே இல்லை, சொன்ன பொருளைக் கொடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் விவரம் அனுப்பியிருந்தால் அதுவும் போதும். "256க்குப் பதிலா 500 கொடுத்திருக்கோமே, அதிகம்தானே" என்று ஒரு பதில் வரும், தயாராகப் போங்கள். எஸ்எஸ்டிக்குப் பதில் ஹார்ட் டிஸ்க் தருவது பைக்குக்குப் பதில் மாட்டுவண்டி தருவது போல, வண்டி பெரிதுதான். சண்டை போட வேண்டாம். டாஸ்க் மேனேஜர் போட்டோவையும் கிரிஸ்டல் போட்டோவையும் காட்டி, 'எஸ்எஸ்டி போட்டுக் கொடுங்கள், இல்லையென்றால் மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள்' என்று கேளுங்கள். பெரும்பாலான கடைக்காரர்கள் இரண்டாவதை விட முதலாவதைத்தான் விரும்புவார்கள். பழைய எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டால், கிரிஸ்டலில் அதன் ஆரோக்கியம் சதவீதமாகவே தெரியும்; 90க்குக் கீழே இருந்தால் நான் வாங்க மாட்டேன்.

கடையில் இருக்கும்போதே இன்னும் இரண்டு விஷயம் பார்த்துவிடுங்கள். அழித்தாலும் போகாத பூட்டுகள் இவை. ஒன்று, ஆன் செய்யும்போது எஃப்2 (சில மெஷின்களில் வேறு பொத்தான்) அழுத்தி பயாஸுக்குள், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்புக்குள், போக முடிகிறதா என்பது. பாஸ்வேர்டு கேட்டால் அது டிஸ்கில் இல்லை, மதர்போர்டில் இருக்கிறது. டிஸ்கை மாற்றினாலும் நிற்கும். கடைக்காரர்தான் எடுத்துத் தர வேண்டும். இரண்டாவது இன்னும் வில்லங்கம். இந்த மாதிரி லேப்டாப்கள் பெரும்பாலும் ஏதோ ஒரு கம்பெனியில் ஓடி, மொத்தமாகக் கழிக்கப்பட்டு வந்தவை. சில கம்பெனிகள் ஒவ்வொரு மெஷினின் அடையாளத்தையும் மைக்ரோசாஃப்டிடம் தங்கள் பெயரில் பதிந்து வைத்திருக்கும். ஆட்டோபைலட் என்று பெயர். கழிக்கும்போது அந்தப் பதிவை நீக்க மறந்துவிடுவார்கள். பழைய விண்டோஸ் ஓடும்வரை ஒன்றும் தெரியாது. புது விண்டோஸ் போட்டு முதன்முதலாக வைஃபையில் சேர்த்ததும், நீங்கள் கேள்வியே படாத கம்பெனியின் பெயரோடு 'வருக' என்று திரை வந்து ஆபீஸ் மெயில் ஐடி கேட்கும். எத்தனை தடவை அழித்தாலும் இது போகாது. அந்தக் கம்பெனி தன் பட்டியலிலிருந்து எடுத்தால்தான் போகும். ஆகவே எஸ்எஸ்டி போட்டு விண்டோஸ் ஏற்றுவதைக் கடையிலேயே செய்யச் சொல்லி, உங்கள் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் சேர்த்து, அந்தத் திரை வரவில்லை என்று கண்ணால் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

டிஸ்கில் இருப்பதைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் பற்றியும் பலர் பயந்து எழுதுகிறார்கள். நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்டால், உள்ளே இருப்பதைப் படிக்கத்தான் அந்த எண் வேண்டும். முழுவதையும் அழித்துப் புதிதாகப் போட எந்த எண்ணும் வேண்டாம்.

கடைக்காரர் மறுத்து, நீங்களே எஸ்எஸ்டி வாங்கிப் போடுவதாக இருந்தால் ஒரு வார்த்தை. எட்டாம் தலைமுறை லேப்டாப்களில் சிலவற்றில் எம்.2 என்ற சூயிங்கம் பட்டை மாதிரியான எஸ்எஸ்டிக்குத் தனி இடம் இருக்கும், சிலவற்றில் இருக்காது. எம்.2 விலும் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு ஜாதி. வாங்குவதற்கு முன் பின் மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். இடம் இல்லையென்றாலும் கவலை இல்லை, பழைய ஹார்ட் டிஸ்க் இருக்கும் இடத்தில் அதே அளவு இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி உட்காரும். வேகத்தில் மகளுக்கு வித்தியாசமே தெரியாது.

விண்டோஸ் ஏற்ற 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். நல்ல நிலையில் உள்ள வேறொரு கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட் தளத்துக்குப் போய் 'மீடியா கிரியேஷன் டூல்' இறக்கி அதை ஓட்டினால், பென்டிரைவை அதுவே தயார் செய்துவிடும். பென்டிரைவில் இருந்தது எல்லாம் அழிந்துவிடும் என்பதால், மகளின் அசைன்மென்ட் இருக்கும் பென்டிரைவைத் தயவுசெய்து இதற்கு எடுக்காதீர்கள். சிரிக்க வேண்டாம், இது அடிக்கடி நடக்கிறது. நிறுவும்போது டிஸ்க் பட்டியலில் எஸ்எஸ்டி தெரியவே இல்லை என்றால் பதறாமல் பயாஸில் சாட்டா அமைப்பு 'ரெய்டு' என்று இருக்கிறதா பாருங்கள். 'ஏஎச்சிஐ' என்று மாற்றினால் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆபீஸ் லேப்டாப்களில் இது வழக்கம். பட்டியலில் பழைய பார்ட்டிஷன் ஏதாவது இருந்தால் ஒவ்வொன்றாக 'டிலீட்' கொடுத்து, 'அன்அலகேட்டட்' என்று ஒரே ஒரு வரி மிஞ்சும்வரை போய், அதைத் தேர்ந்து 'நெக்ஸ்ட்' கொடுங்கள்.

இங்கே கை நிற்கட்டும். சிக்கு 100, டிக்கு மீதி என்று பிரிக்க வேண்டாம். எக்ஸ்பி காலத்தில் எல்லாரும் அப்படித்தான் பிரித்தோம், நானும்தான். விண்டோஸ் கெட்டுப்போனால் சியை மட்டும் அழித்துக்கொள்ளலாம் என்ற கணக்கு. இன்றைக்கு அந்தப் பழக்கத்தின் விலையைத்தான் நீங்கள் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்: டியில் பாதி காலி, சியில் மூச்சு முட்டுகிறது. டியிலிருந்து கொஞ்சம் எடுத்து சிக்குக் கொடுக்கலாமே என்றால், சிக்கு அடுத்து ஒட்டியபடி காலி இடம் இருந்தால்தான் விண்டோஸ் அதை நீட்டும்; நடுவில் பெரும்பாலும் ரெகவரி பார்ட்டிஷன் ஒன்று குறுக்கே படுத்திருக்கும். 256 ஜிபியை ஒரே சி டிரைவாக விட்டுவிடுங்கள்.

லைசென்ஸுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியிருக்காது என்றே நினைக்கிறேன். விண்டோஸோடு விற்கப்பட்ட லேப்டாப்பில் அதன் சாவி மதர்போர்டிலேயே பதிந்திருக்கும், அதே ஹோம் அல்லது ப்ரோ பதிப்பைப் போட்டால் தானாக ஆக்டிவேட் ஆகும். ஆனதும் செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைப் பாருங்கள். 'டிஜிட்டல் லைசென்ஸ்' என்று இருந்தால் சரி. நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை என்று இருந்தால் யாரோ குறுக்கு வழியில் போட்டிருக்கிறார்கள். அந்த வகை 180 நாளுக்கு மேல் தானாக நிற்காது.

இனி அந்தப் பழைய டிஸ்க். எஸ்எஸ்டி போட்டதும் அதைக் கடையில் விட்டுவிடாதீர்கள், கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் முன்பிருந்தவரின் குடும்பம் மட்டுமல்ல, மூன்று வாரமாக உங்கள் மகளும் இருக்கிறாள். அந்தப் போட்டோக்களைத் திறந்து பார்க்கவோ, திருப்பிக் கொடுக்கலாம் என்று நகலெடுக்கவோ வேண்டாம். அவர் கவனக்குறைவாக விட்டது, நாம் அழிப்பதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை.

அழிப்பதில் ஒரு விஷயம் புரிந்திருக்க வேண்டும். சும்மா 'குயிக் ஃபார்மட்' கொடுப்பது, புத்தகத்தின் பொருளடக்கப் பக்கத்தைக் கிழிப்பது மட்டுமே. உள்ளே பக்கங்கள் அப்படியே இருக்கும். இதை நான் அனுபவித்தே கற்றேன். சில வருடங்களுக்கு முன் ஒருவருடைய பழைய லேப்டாப் டிஸ்கை அழிக்க, விண்டோஸில் டிஸ்கைப் பிரிக்கவும் துடைக்கவும் உள்ள டிஸ்க்பார்ட் கட்டளையைத் திறந்தேன். அவருடைய கல்யாணப் போட்டோக்கள் இருந்த எக்ஸ்டர்னல் டிஸ்கும் அதே கம்ப்யூட்டரில் செருகியிருந்தது. பட்டியலில் எண் மாறியதைக் கவனிக்காமல் 'செலக்ட் டிஸ்க் 1', 'கிளீன்', என்டர். ஒரே நொடி. எக்ஸ்டர்னல் காலி. அவர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறார். பார்ட்டிஷன் மீட்கும் மென்பொருளைப் போட்டு ராத்திரி எட்டு மணிக்கு ஒரு போட்டோ குறையாமல் எடுத்துவிட்டேன். வெறும் 'கிளீன்' என்பது பார்ட்டிஷன் பட்டியலை மட்டும்தான் துடைக்கிறது என்பதால் பிழைத்தேன். 'கிளீன் ஆல்' என்று அடித்திருந்தால் டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதியிருக்கும். கல்யாணம் திரும்பி வந்திருக்காது. அன்றிலிருந்து, அழிக்கப்போகும் டிஸ்கைத் தவிர வேறு எதுவும் செருகியிருக்கக் கூடாது என்பது என் கடையில் சட்டம்.

நல்ல ஹார்ட் டிஸ்க் என்றால் அந்த 'கிளீன் ஆல்' தான் வழி, 500 ஜிபிக்குச் சில மணி நேரம் ஓடும். (எஸ்எஸ்டிக்கு இது ஒத்துவராது, அதற்குத் தயாரிப்பாளர் தரும் மென்பொருளிலோ பயாஸிலோ 'செக்யூர் இரேஸ்' என்று இருக்கும்.) உங்கள் டிஸ்கில் அது பாதியில் பிழை காட்டி நின்றுவிடும் என்றே நினைக்கிறேன். உதிரி இடமும் தீர்ந்துவிட்டால் கெட்ட இடத்தில் எழுதவும் முடியாது. அப்படி நின்றால் மென்பொருளை விட்டுவிட்டுச் சுத்தியலை எடுங்கள். டிஸ்கை ஒரு கோணிப்பையில் நன்றாகச் சுற்றி, தரையில் வைத்து, நடுப்பகுதியில் நான்கைந்து அடி. லேப்டாப் டிஸ்குகளில் பலவற்றில் தட்டு கண்ணாடியால் ஆனது, தூள் தூளாகும். குலுக்கினால் சலசலவென்று சத்தம் கேட்கும். பையைப் பிரிக்காமல் அடியுங்கள், கண்ணுக்கு ஆகாது. பிறகு குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

புது விண்டோஸில் மகளின் மைக்ரோசாஃப்ட் கணக்கைப் போட்டு நுழைந்தால், டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகியிருக்கலாம். அப்படியானால் அந்த 48 இலக்க மீட்பு எண் அவள் கணக்கில் சேமிப்பாகியிருக்கும். அதை ஒரு தாளிலும் எழுதி, லேப்டாப் பையில் வைக்காமல், வீட்டில் ரேஷன் கார்டு இருக்கும் கவரில் போட்டு வையுங்கள்.

திருச்சிக்குப் போகும்போது சார்ஜரையும் பில்லையும் எடுத்துப் போங்கள். திரும்பும் முன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, எஸ்எஸ்டி, 238 ஜிபி என்று வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சி5 வரியில் என்ன எண் இருந்தது என்று முடிந்தால் எனக்கு எழுதுங்கள்.